மாஸ்டர் சுற்றிய மூன்று சுற்று

பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்காரும் பெண், கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து அன்றோடு பதினோரு நாள். சிவப்பு விளக்குக்கு நின்ற இடத்தில் கியரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர், உங்களைப் பத்தி பத்திரிகையில வந்திருக்காமே?"

"முன்னாடி பாரு."

"நெஜமா மாஸ்டர். எங்க டாக்டரோட மாமியார் படிச்சாங்களாம். உடம்பு சரியில்லாத அப்பாவை வண்டியில போட்டுக்கிட்டு, ஆஸ்பத்திரி வாசல்ல இறக்காம ஊரையே சுத்திச் சுத்தி வந்தீங்களாம். வண்டியை நேரா நிறுத்த இடம் கிடைக்கலைன்னு! அவங்க சிரிச்ச சிரிப்புல கட்டின பல்லு கழண்டு விழுந்துடுச்சு. அதை மாட்டிக்க எங்ககிட்ட வந்தப்பதான் சொன்னாங்க."

விளக்கு பச்சையானது. கிளம்ப வேண்டிய வண்டி, கிளம்புகிற மாதிரி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்துபோனது. பின்னால் வரிசையாக ஹாரன். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். மாஸ்டர் தன் கிளட்சை மிதித்து, எட்டிச் சாவியைத் திருகி, வண்டிக்கு உயிர் கொடுத்தார்.

"கதை சொல்ல வந்தியா, வண்டி ஓட்ட வந்தியா? கண்ணாடி பாத்தியா? பின்னாடி நிக்கிறவன் என் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கிட்டிருக்கான்."

"சாரி மாஸ்டர்."

இரண்டு தெரு தாண்டினார்கள். மூன்றாவது தெருவில், கேட்காத மாதிரி கேட்டார்.

"யார் எழுதினதாம்?"

"உங்க தங்கச்சியாம். வெளிநாட்டுல இருக்காங்களே, அவங்க."

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் மாணவரின் அட்டையில் ஒரு வரி எழுதுவது மாஸ்டரின் பழக்கம். அன்று அவள் அட்டையில் "கவனம் இல்லை" என்று எழுதினார். யாருக்கு இல்லை என்பதை எழுதவில்லை.

இருபத்தாறு வருஷமாக அவர் அந்த இடது சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் கற்றுக்கொண்டவர்கள் ஊரில் பாதிப்பேர். அவரைக் கண்டால் நடைபாதையில் நடந்து போகும்போதுகூட ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். காரணம், நிமிஷத்துக்கு நாலு தடவை "கண்ணாடி!" என்று அவர் போடும் சத்தம். ஊர் அவருக்கு வைத்த பெயரும் கண்ணாடி மாஸ்டர்தான். அவர் அட்டையில் எழுதும் உச்சகட்டப் பாராட்டு "பரவாயில்லை". அதை வாங்கியவர்கள் இதுவரை ஏழே பேர்.

யார் வண்டியில் ஏறினாலும் அவர் வலது கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். பஸ்ஸில் போனாலும் மிதிக்கும். வீட்டில் தொலைக்காட்சியில் கார் ஒன்று வேகமாகத் திரும்பினால் நாற்காலியில் இருந்தபடியே மிதிக்கும். அவர் நாற்காலிக்கு முன்னால் கிடக்கும் கால்மிதி ஒரே இடத்தில் நைந்து நூலாகிவிட்டது என்று மனைவி மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த மனைவிதான் அன்று கதவைத் திறந்தது.

"என்னங்க, சீக்கிரம் வந்துட்டீங்க?"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

எதைப் பற்றி என்று மனைவி கேட்கவே இல்லை. அதிலேயே விஷயம் வெளிச்சமாகிவிட்டது.

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? நான் பென்ஷன் வாங்கறப்பவா?"

"உங்களுக்கு எங்க இருக்கு பென்ஷன்?"

தலையணை உறைகளுக்கு அடியிலிருந்து பத்திரிகை வெளியே வந்தது. மூன்று வாரமாக அங்கே இருக்கிறதாம். மகள் படித்தாயிற்று. எதிர்வீட்டு டீச்சர் இரவல் வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மருந்துக் கடைக்காரர் ஒருவாரமாகத் தன்னைப் பார்த்ததும் மாத்திரை எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பித் தோளைக் குலுக்கியது எதனால் என்று மாஸ்டருக்கு இப்போது புரிந்தது.

"ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நல்லா இருக்கு!"

"அவ உங்களுக்குப் போன வாரமே போன்ல பேசி அனுப்பியிருக்கா. நீங்கதான் போனைத் தொடறதே இல்ல."

உண்மைதான். வகுப்பு நேரத்தில் போனை அணைத்துவைப்பார். மற்ற நேரத்தில் மறந்துவைப்பார். கல்லூரி முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த மகள் வந்து, போனை வாங்கி, எங்கேயோ தட்டினாள். தங்கையின் குரல் வந்தது, ஒன்பது நிமிஷத்துக்கு.

"அண்ணா, கோபப்படாதே. முதல்ல முழுசா கேளு. நான் எழுதினதையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகமா போடறாங்க. அதுல உன்னைப் பத்தினது ஒண்ணு இருக்கு. நீ சரின்னா இருக்கட்டும். வேண்டாம்னா எடுத்துடறேன், ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் பன்னண்டுக்குள்ள சொல்லிடு. உங்க ஊர் பன்னண்டு. எங்க ஊர் மணியெல்லாம் கணக்கு பாத்து நீ குழப்பிக்காதே. அப்புறம்..."

"நிறுத்து," என்றார் மாஸ்டர். "உங்க ஊராமே! அப்ப இது அவ ஊர் இல்லையா?"

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்குப்பா."

"அதை நீயே கேட்டுக்கோ."

அன்று வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் டீயோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். பத்திரிகையை விரித்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பேனா கையில் இல்லாமல் எதையும் படிக்க வராது அவருக்கு.

தங்கை எழுதியிருந்தாள்: "என் அண்ணன் காரை நிறுத்துவதில்லை. தூளியில் குழந்தையைக் கிடத்துவதுபோல் இரண்டு கோட்டுக்கு நடுவே கிடத்துவான். ஒரு விரற்கடை கோணினாலும் எடுத்துவிட்டு மறுபடி. அன்றைக்கு அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாசலில் நான்கு இடம் காலியாக இருந்தது. நான்கும் அவன் கண்ணுக்குக் கோணல். ஆகவே ஆஸ்பத்திரியை ஒரு சுற்று சுற்றினோம்."

ஓரத்தில் மாஸ்டர் எழுதினார்: "தவறு. ஐந்து இடம்."

"இரண்டாவது சுற்றில் கண்ணாடியைத் திருத்தினான். மறுபடி திருத்தினான். தலைமுடியைப் பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான், அங்கே பார்க்க அதிகம் மிச்சமில்லை என்பது நினைவுக்கு வந்தது."

"தேவையற்ற குறிப்பு."

"மூன்றாவது சுற்றில் வாசல் காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்தார். கூரைமேல் பலகை வைத்த கார் மூன்று முறை வந்தால் யாரோ பெரிய அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்றுதானே நினைப்பார்?"

"பலகையில் ‘பயிற்சி’ என்று தெளிவாக எழுதியிருக்கும்."

"இத்தனைக்கும் அப்பா பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அண்ணன் ஓட்டினால் அப்பா அப்படித்தான். அது தூக்கமல்ல, கண்டனம்."

இந்த இடத்தில் பேனா நின்றது. ஓரத்தில் எதுவும் விழவில்லை. காகிதத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.

பத்திரிகையை மடக்கித் தள்ளினார்.

"இவளுக்கு மட்டும்தான் எழுத வருமா? நானும் எழுதறேன். இவ எழுதினதுக்குப் பக்கத்துலயே போடட்டும். நடந்தது என்னன்னு நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும்."

"தாராளமா எழுதுங்க," என்றார் மனைவி. "மேஜையை மட்டும் ஒழிச்சுக் குடுங்க, தட்டு வைக்கணும்."

சனிக்கிழமை காலை, மூன்று பக்கம் தயாராக இருந்தது. மகளிடம் நீட்டினார். அவள் சத்தமாகப் படித்தாள்.

"நாள்: செவ்வாய். புறப்பாடு: காலை 10.05. டயர் காற்று சரிபார்க்கப்பட்டது. முன் இருக்கையில் தங்கை. சீட் பெல்ட் அணிய இருமுறை நினைவூட்டப்பட்டார். பின் இருக்கையில் அப்பா, எக்ஸ்ரே உறையுடன். வழியில் தங்கை ஆறு இடங்களில் தன் பக்கத்துப் பிரேக்கைத் தேவையின்றி மிதித்தார். ஏன் என்று கேட்டதற்கு ‘பயமா இருக்கு’ என்றார். எதைக் கண்டு பயம் என்று குறிப்பிடவில்லை. முதல் சுற்று: பரவாயில்லை. இரண்டாம் சுற்று: பரவாயில்லை. மூன்றாம் சுற்று..."

மகளால் மேலே படிக்க முடியவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே மனைவியின் சிரிப்பும் கேட்டது. கையில் இருந்த பாத்திரம் எதுவோ கீழே விழுந்த சத்தமும் கேட்டது.

"என்ன சிரிப்பு? இதுல எங்க இருக்கு சிரிப்பு?"

"அப்பா, சத்தியமா சொல்றேன், நீங்க அத்தையை விட நல்லா எழுதறீங்க. அத்தையே இதைப் போட்டுக்குவாங்க."

"நான் அவளை மறுத்து எழுதியிருக்கேன்!"

"அதாம்ப்பா. உங்களுக்கு நீங்களே மார்க் வேற போட்டிருக்கீங்க!"

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் எழுதினாலும் சிரிக்கிறார்கள். அவர் எழுதினாலும் சிரிக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினால் கூடுதலாகச் சிரிக்கிறார்கள். இவர்களோடு மனுஷன் என்ன செய்வது? முச்சந்தியில் நின்று அழுதால்கூடப் போக்குவரத்தைச் சீர்செய்கிறார் என்று சொல்வார்கள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை இழுத்தாள். சிவப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா, ‘அஞ்சு இடம்’னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா. அவளுக்கு எண்ணத் தெரியாது."

"அஞ்சு இடம் காலியா இருந்துச்சுன்னா, ஏன் நிறுத்தல?"

"கோணல்."

"அஞ்சுமா?"

மாஸ்டர் தன் மூன்று பக்கத்தையும் எடுத்து அடுக்கினார்.

"இங்க ஒண்ணுமே எழுதல. புள்ளி மட்டும் வச்சிருக்கீங்க. தாத்தா கண்ணை மூடிக்கிட்டிருந்தார்னு இருக்கே, இங்க."

"பேனா கசிஞ்சிருக்கும்."

"அப்பா."

"அவர் தூங்கினார்!" என்று மாஸ்டர் கத்தினார். கியரைக் கறகறவென்று போடும் மாணவனைத் திட்டுகிற அதே குரல். "தூங்கினார், போதுமா? கண்டனமாம், கண்டனம்! மூணு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. முதுகுக்குத் தலையணையைக் குடுத்து, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கிட்டிருந்த மனுஷன். நான் வாசலுக்குத் திருப்பறேன், கண்ணாடியில பாக்கறேன், எக்ஸ்ரே உறையைப் பிடிச்சிருந்த கை நழுவுது. வாய் லேசா திறந்திருக்கு. கோபத்துல கண்ணை மூடறவனுக்கு வாய் திறக்குமா? நீயே சொல்லு. வண்டியை நிறுத்தினா முழிச்சிடுவார். ஓடற வரைக்கும்தான் தூக்கம், கைக்குழந்தைக்கு மாதிரி. கோணலாம்! கண்ணை மூடிக்கிட்டு நிறுத்துவேன் நான் அந்த அஞ்சுலயும்."

மனைவி சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். ஈரக்கையைத் துடைக்கவில்லை.

"அத்தைகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா?"

"சொன்னா திரும்பிப் பாப்பா. ‘அப்பா, தூங்கறீங்களா’ன்னு சத்தமா கேப்பா. அவ சுபாவம் உனக்குத் தெரியாது."

"அதுக்கப்புறமாவது?"

"அதுக்கப்புறம் சொல்ல என்ன இருக்கு?" குரல் இறங்கிவிட்டது. "பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. உள்ள போறப்ப மணி பதினொண்ணு பத்து. நான் கவுண்ட்டர்ல படிவம் எழுதிட்டிருக்கேன். பின்னாலேருந்து நர்ஸ் குரல் கேக்குது. ‘பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?’ ஒன்பதாம் நாள் அப்பா போயிட்டார்."



ஒரு காலத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் சொல்வது, "பத்து நிமிஷம் முன்னாடி வா" என்பதுதான். பதினோரு வருஷமாக அதைச் சொல்வதில்லை. "நேரத்துக்கு வா" என்பதோடு சரி. அந்த மாற்றம் மனைவிக்குத் தெரியும். வயசானால் மனுஷர் கொஞ்சம் இளகுவது சகஜம் என்று நினைத்திருந்தார்.

"டாக்டர் ஏதாவது சொன்னாரா?" என்று மகள் கேட்டாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் யாரையும் கேக்கல. இப்ப பாரு, ஊரே சொல்லுது, அப்பாவை இறக்காம சுத்தினான்னு."

மகள் பத்திரிகையைப் புரட்டினாள். "கடைசிப் பக்கம் படிச்சீங்களா?"

"ரெண்டாம் பக்கத்துக்கு மேல படிக்கிற மாதிரியா எழுதியிருக்கா?"

"அப்ப கேளுங்க." அவள் படித்தாள். "உள்ளே போனதும் நர்ஸ், ‘பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?’ என்றார். அண்ணன் கவுண்ட்டரில் நின்றிருந்தான். நான் அப்பாவோடு பெஞ்சில். எங்களுக்கு முன்னால் இருந்த தொப்பிக்காரப் பெரியவர் காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தவர். அவரிடமும் நர்ஸ் அதையேதான் கேட்டார். எங்களுக்குப் பின்னால் ஒருவர் ட்யூப்லைட் மாட்ட ஏணியோடு வந்தார். அவரிடமும் கேட்டார்."

மாஸ்டர் நிமிர்ந்தார்.

"இன்னும் இருக்குப்பா. ‘மூன்று சுற்றிலும் நான் வாயைத் திறக்கவில்லை. போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணன் நிறுத்தியிருப்பான். அந்த வாசலுக்குள் போக எனக்குக் கால் வரவில்லை. அவனுடைய கோணல் புத்திக்கு நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நன்றி சொல்லியிருக்கிறேன், மனசுக்குள். அது அன்றைக்கு.’ அவ்வளவுதான்."

"திரும்பப் படி."

"நன்றி சொன்னதா?"

"அது கிடக்கட்டும். நர்ஸ்."

மகள் மறுபடி படித்தாள்.

"ட்யூப்லைட்காரன்கிட்டயுமா கேட்டா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"இவ புளுகுவா. சிரிப்பு வரணும்னா ஏணியென்ன, யானையே கொண்டுவந்து நிறுத்துவா. அஞ்சை நாலுன்னு எழுதினவதானே?" எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "ஆனா தொப்பிக்காரர் நெஜம். நான் பாத்தேன் அவரை. படிவம் எழுத என்கிட்டதான் பேனா வாங்கினார். திருப்பிக் குடுக்கல." ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். "அவர் நெஜம்னா, அவர்கிட்ட கேட்டதும் நெஜமா இருக்கணும். இருக்கணுமா, இல்லையா? ஆளை மட்டும் நெஜமா வச்சுக்கிட்டு, பேச்சை இவளே போட்டிருப்பாளா? இவளோட இதான் ரோதனை. எது நடந்தது, எது இவ சேர்த்ததுன்னு ஒரு கோடு போட்டாவது எழுதக் கூடாதா?"

"அதை அவளைத்தான் கேக்கணும்," என்றார் மனைவி. "மணி பதினொண்ணேகால். பன்னண்டுக்குள்ள பதில் கேட்டா இல்ல?"

"எனக்கு பதினொன்றரைக்கு வகுப்பு."

"போய்ட்டே பேசுங்க. அப்படியே அந்தத் தூக்கத்தையும் சொல்லிடுங்க."

"அதைச் சொன்னா இவ எழுதினது என்ன ஆகும்? கோணல்னு மூணு பக்கம் எழுதி வச்சிருக்கா. ஊரே சிரிச்சாச்சு. அந்தம்மாவுக்குப் பல்லே போயிடுச்சு."

"அவ பாடு அது. நீங்க சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

பயிற்சி வண்டி நிழலில் நின்றது, இரண்டு கோட்டுக்கும் சரிநடுவில். பல் ஆஸ்பத்திரிப் பெண் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தாள். மாஸ்டர் பக்கத்தில் ஏறி, சீட் பெல்ட்டைப் போட்டு, போனை எடுத்தார்.

"கிளம்பலாமா மாஸ்டர்?"

"இரு. ஒரு போன்."

என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். "அச்சடிச்சுக்கோ, ஆனா அஞ்சு இடம்னு திருத்து" என்று ஆரம்பிக்கலாம். அது சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருந்தது. "அந்தத் தொப்பிக்காரர்கிட்ட நர்ஸ் நெஜமாவே கேட்டாளா?" என்று ஆரம்பிக்கலாம். அது போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. "அப்பா தூங்கினார்" என்று மட்டும் சொன்னால், அந்தப் பக்கம் அவள் அழுதுவிடுவாள். பிறகு அவர் கேட்க நினைத்ததைக் கேட்கவே முடியாது. எதை எடுத்தாலும் வாயில் வரும்போது திட்டாகத்தான் வந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம்.

தங்கையின் பெயரைத் தட்டினார். மணி போனது.

"நேத்து சொன்னேனே, அந்தத் தங்கச்சிக்கா போன், மாஸ்டர்?"

"முன்னாடி பாரு."

"வண்டிதான் நிக்குதே."

"நின்னாலும் முன்னாடி பாரு."

மணி போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டுக்குள் சொல் என்று உத்தரவு போட்டவள், பன்னிரண்டுக்கு அரைமணி இருக்கும்போது எங்கே போய்த் தொலைந்தாள்? குளிக்கிறாளா, தூங்குகிறாளா, அங்கே இப்போது காலையா, மாலையா? எழுதத் தெரிகிறதே, போனை எடுக்கத் தெரிய வேண்டாமா?

ஒருதரம் முழுக்க அடித்து அடங்கியது. மறுபடி தட்டினார்.

"மாஸ்டர்," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "நீங்க பிரேக்கை மிதிச்சிட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தார். வலது கால் பிரேக்கைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. வண்டிக்கு இன்னும் சாவியே போடவில்லை.

"தெரியும்," என்றார். காலை எடுக்கவில்லை. நடுக்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். பின் சீட்டில் யாரும் இல்லை. யாரோ விட்டுப்போன குடை ஒன்று கிடந்தது.

காதோடு போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.